மேகக் காட்டில் ஒரு தங்கத் தேரை

1949-ம் வருஷம், அக்டோபர் மாதம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஃபேர்ஹோப் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த நாலு இளைஞர்கள் நீதிபதி முன்னால் நிறுத்தப்பட்டார்கள். கொலை, கொள்ளை ஒன்றும் கிடையாது. ஒரு ஃபாரத்தில் பெயர் எழுத மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான் குற்றம்.

அது ராணுவத்துக்குப் பெயர் பதியும் ஃபாரம். இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டது. ஆனாலும் 1948-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வயது வந்த இளைஞர்கள் எல்லோரும் பெயர் கொடுக்க வேண்டும், கூப்பிடுகிறபோது வர வேண்டும். இந்த நாலு பேரும் க்வேக்கர்கள். 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கிளம்பிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு அது. துப்பாக்கி தூக்க மாட்டார்கள். பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு விலக்கு கேட்டிருக்கலாம், அதற்கும் வழி இருந்தது. இவர்களோ, பெயர் எழுதுவதே யுத்தத்துக்கு ஒத்துழைப்பதுதான் என்றார்கள்.

ஒரு வருஷமும் ஒரு நாளும் ஜெயில். நாலைந்து மாதத்தில் விட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். தண்டனை சொன்ன நீதிபதி, 'இந்த நாட்டுச் சட்டம் பிடிக்கவில்லையென்றால் நாட்டை விட்டுப் போய்விட வேண்டியதுதானே' என்கிற மாதிரி ஏதோ சொன்னதாக ஒரு கதை இருக்கிறது. கோபத்தில் யாரும் சொல்கிற வசனம்தான். ஆனால் இந்த ஆசாமிகள் அதை சீரியஸாக எடுத்துக்கொண்டு உலக வரைபடத்தை விரித்துவிட்டார்கள். ராணுவமே இல்லாத நாடு ஏதாவது உண்டா?

ஒன்று இருந்தது. அதுவும் புத்தம் புதுசாக.

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒட்டடைக்குச்சி மாதிரியான நிலத்தில், நிகராகுவாவுக்கும் பனாமாவுக்கும் நடுவில் இருக்கிறது கோஸ்டாரிகா. மொத்தப் பரப்பு 51,000 சதுர கிலோமீட்டர் சொச்சம். தமிழ்நாட்டில் பாதிகூட வராது. ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் கரீபியன் கடல். நடுவே முதுகெலும்பு மாதிரி எரிமலைத் தொடர். 1502-ல் கொலம்பஸ் தம்முடைய நாலாவது, கடைசிப் பயணத்தில் கரீபியன் கரையில் வந்து இறங்கியபோது, உள்ளூர்க்காரர்கள் கழுத்தில் தங்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஸ்பானியர்கள் நாட்டுக்கே 'செல்வக் கரை' என்று பெயர் வைத்தார்கள். கோஸ்டாரிகாவுக்கு அதுதான் அர்த்தம். தோண்டிப் பார்த்தால் பெரிய சுரங்கம் எதுவும் இல்லை. ஸ்பெயினின் காலனிகளிலேயே இது ஓர் ஏழைக் காலனியாகத்தான் கடைசி வரை இருந்தது.

அப்புறம் காப்பி வந்தது. காப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் வந்தது. ரயில் போட வந்த மைனர் கீத் என்கிற அமெரிக்கர் தண்டவாளத்தின் ஓரத்தில் வாழை நட்டார். 1871-ல் ஆரம்பித்த வேலை முடிய 1890 ஆனது. மலேரியாவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கான கூலிகள் செத்தார்கள், கீத்தின் சொந்தச் சகோதரர்கள் உள்பட. பணமில்லாத அரசாங்கம் கீத்துக்கு 8 லட்சம் ஏக்கர் நிலத்தையும், ரயிலை 99 வருஷ குத்தகைக்கும் எழுதிக் கொடுத்தது. அதிலிருந்து முளைத்ததுதான் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி. அது தனியாக ஒரு பெரிய கதை. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: காடு என்பது வெட்டி விற்க வேண்டிய சரக்கு என்கிற எண்ணம் அந்த நாட்டில் அப்போதே ஊறிவிட்டது.

1948-ல் ஒரு தேர்தல் தகராறு உள்நாட்டு யுத்தமாக வெடித்தது. 44 நாள் சண்டை, ஏறத்தாழ 2,000 பிணங்கள். ஜெயித்தவர் ஹோசே ஃபிகெரஸ். தொழில் முறையில் ராணுவக்காரர் அல்ல, விவசாயி. லத்தீன் அமெரிக்காவில் துப்பாக்கியால் ஜெயித்தவர் அடுத்து என்ன செய்வார்? துப்பாக்கிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். இவர் டிசம்பர் 1, 1948 அன்று தலைநகர் சான் ஹோசேயில் ஒரு ராணுவ முகாமுக்குப் போனார். ஒரு சம்மட்டியை எடுத்துச் சுவரில் ஒரு போடு போட்டார். இனி இந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது, இந்தக் கட்டடம் மியூசியம் ஆகும் என்றார். ஆனது. இன்றும் தேசிய மியூசியம் அதுதான். 1949 அரசியல் சட்டத்தின் 12-வது பிரிவில் ராணுவத்துக்குத் தடை என்று எழுதியே வைத்துவிட்டார்கள். தனக்கு எதிராக இன்னொரு ஃபிகெரஸ் கிளம்பி வரக் கூடாதே என்கிற கெட்டிக்காரத்தனமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம். இருக்கட்டுமே, நல்ல காரியம்தானே!

ஃபேர்ஹோப் க்வேக்கர்கள் நிலத்தை விற்றார்கள், பெட்டி கட்டினார்கள். 1950 கடைசியில் கிளம்பினார்கள். சுமார் 40 பேர். சிலர் விமானத்தில். சிலர் லாரியிலும் ஜீப்பிலும், இன்னும் போட்டு முடிக்காத பான் அமெரிக்க நெடுஞ்சாலை வழியாக, மாதக்கணக்கில். 1951-ல் திலாரான் மலைத்தொடரின் மேல்பகுதியில் சுமார் 1,400 ஹெக்டேர் வாங்கினார்கள். அங்கே ஏற்கெனவே காட்டைத் திருத்தி வாழ்ந்துகொண்டிருந்த கோஸ்டாரிகா விவசாயிகளுக்கும் காசு கொடுத்து உரிமையை வாங்கினார்கள். ஊருக்கு வைத்த பெயர் மான்டெவெர்டே. ஸ்பானிஷில் 'பச்சை மலை'.

அந்த மலையின் பூகோளத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். கரீபியன் கடலிலிருந்து வருஷம் பூராவும் வியாபாரக் காற்று வீசுகிறது. ஈரத்தைச் சுமந்துகொண்டு சமவெளியைத் தாண்டி வரும் காற்றை இந்த மலை குறுக்கே நின்று மறிக்கிறது. காற்று மேலே ஏறுகிறது, குளிர்கிறது, மேகமாகிறது. ஆகாயத்தில் மிதக்கிற மேகம் இல்லை, மரங்களுக்கு நடுவே நடந்து போகிற மேகம். மழை பெய்யாத நாளிலும் இலை நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கிளைகளில் பாசி, பாசியின்மேல் பெரணி, பெரணிக்கு நடுவே ஆர்க்கிட். ஆர்க்கிடில் மட்டும் இந்த வட்டாரத்தில் சுமார் 500 வகை. மலை முகட்டில் நின்றால் ஒரு பக்கம் விழும் மழைத்துளி கரீபியனுக்கும் மறுபக்கம் விழும் துளி பசிபிக்குக்கும் போகும்.

மரத்தின் உச்சியிலேயே மண் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? உதிர்ந்த இலையும் மக்கிய பாசியும் கிளைகள்மேல் சேர்ந்து சேர்ந்து மண்ணாகியிருக்கும். நளினி நட்கர்னி என்கிற விஞ்ஞானி (அப்பா இந்தியர், பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில்) கயிறு கட்டி ஏறி, பல வருஷம் மான்டெவெர்டே மர உச்சிகளிலேயே குடித்தனம் நடத்தினார். சில மரங்கள் கிளையிலிருந்தே வேர் விட்டு, மேலே இருக்கும் அந்த மண்ணை உறிஞ்சுகின்றன என்று 1981-ல் சொன்னவர் அவர்தான். கிளையில் இருக்கும் பாசியைச் சுரண்டி எடுத்துவிட்டு, திரும்ப எப்போது முளைக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஆனது!

க்வேக்கர்கள் வந்தது இதையெல்லாம் ரசிக்க இல்லை. பிழைக்க. மாடு வளர்த்தார்கள். பால் கறந்தார்கள். மலையிலிருந்து கீழே இறங்கும் பாதை லட்சணத்தில் பாலை ஊருக்குக் கொண்டுபோவதற்குள் கெட்டுப்போகும். ஆகவே, சீஸ். 1953-ல் ஒரு சின்ன சீஸ் ஃபேக்டரி தொடங்கினார்கள். அந்த சீஸ் பின்னாளில் நாடு பூராவும் பிரபலமானது.

சீஸுக்குத் தண்ணீர் வேண்டும், ஊருக்குக் கொஞ்சம் கரன்ட் வேண்டும். அதற்காக ஆற்றின் ஊற்றுக்கண் இருந்த மேல்காட்டில் 554 ஹெக்டேரை மட்டும் யாரும் வெட்டக் கூடாது என்று ஒதுக்கிவைத்தார்கள். வாங்கிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! வனவிலங்குப் பாதுகாப்பு, பல்லுயிர் என்ற வார்த்தைகள் எல்லாம் அப்போது அவர்கள் அகராதியிலேயே இல்லை. ஊற்று வற்றக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

மிச்சக் காடு வெட்டுப்பட்டது. ஜெயிலுக்குப் போன அந்த நாலு பேரில் ஒருவரான வுல்ஃப் கின்டன், புதிய ஊரில் செய்த வேலைகளில் ஒன்று மரம் அறுக்கும் மெஷின் விற்பது. துப்பாக்கியைத் தொடாத கை. ஆனால் மெஷின் ரம்பத்தை விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்திய கை. அதில் அவருக்கு அன்றைக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

அவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. நாடே அப்படித்தான் இருந்தது. நான் படித்தது பி.காம் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கண் போகிறது. அன்றைய சட்டப்படி, காட்டை வெட்டிச் சமப்படுத்தினால் அது நிலத்துக்குச் செய்த 'அபிவிருத்தி'. வெட்டிய நிலத்துக்குப் பட்டா கேட்கலாம். மாடு வாங்க பேங்கில் லோன் கிடைக்கும். அமெரிக்க ஹாம்பர்கர் கடைகளுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி ஆகும். நிற்கிற மரத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம், விழுந்த மரத்துக்குத்தான் எல்லாம். விளைவு? 1940-களில் நாட்டின் முக்கால் பங்குக்குக் காடு. 1980-களில் அது கால் பங்குக்கு வந்துவிட்டது, அதற்கும் கீழே என்று சொல்பவர்களும் உண்டு.

அந்த மேல்காட்டில்தான் ஓர் அதிசயம் உட்கார்ந்திருந்தது.

தேரை என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தேங்காயைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் தேரை மோந்தது என்போம். அழகுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மான்டெவெர்டேயின் மலை முகட்டில் க்வேக்கர் ஒருவர் காட்டிய தேரையோ பளபளவென்று ஆரஞ்சு நிறம். சுண்டுவிரல் நீளம்தான். தலை முதல் கால் வரை ஒரே நிறம், ஒரு புள்ளி கிடையாது. ஆண் இப்படி. பெண்ணோ கறுப்பில் சிவப்புத் திட்டுகள், திட்டைச் சுற்றி மஞ்சள் கரை. இதைப் பார்த்த ஜே சாவேஜ் என்கிற விஞ்ஞானிக்கே, யாரோ விளையாட்டுக்குப் பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம் வந்ததாம். 1966-ல் உலகத்துக்கு அறிவித்தார். தங்கத் தேரை.

வருஷம் பூராவும் மண்ணுக்கடியில் கண்ணில் படாமல் இருக்கும். ஏப்ரல், மே வாக்கில் முதல் மழை விழுந்து, மர வேர்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குட்டைகள் கட்டும்போது கும்பலாக வெளியே வரும். சில நாள் திருவிழா. ஒரு பெண்ணுக்குப் பத்து ஆண் போட்டி. முட்டை போட்டதும் எல்லாம் மறுபடி மறைந்துவிடும். உலகத்திலேயே இது இருந்த இடம் இந்த முகட்டில் சில சதுர கிலோமீட்டர்தான்.

1970-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பவல் என்கிற இளம் பறவை ஆராய்ச்சியாளர் வந்தார். கண்ணெதிரே காடு கரைவதைப் பார்த்துத் துடித்துப்போனார். தன்னுடன் சேர அவர் பிடித்த ஆள் யார் தெரியுமா? ரம்பம் விற்ற வுல்ஃப் கின்டன். அந்த மலையில் ஒவ்வொரு பாதையும் தெரிந்தவர் அவர்தானே! விவசாயிகளிடம் பேசி, கைப்பணம் போட்டு, நன்கொடை திரட்டி, துண்டு துண்டாக நிலம் வாங்கினார்கள். 1972-ல் மான்டெவெர்டே மேகக்காடு ரிசர்வ் உருவானது. க்வேக்கர்களின் 554 ஹெக்டேரும் அதனோடு சேர்ந்தது. கின்டன் மிச்ச வாழ்நாளைக் காட்டைக் காவல் காப்பதில் கழித்தார். 2016-ல் இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம் சினிமா மாதிரி. பத்திரிகைகளில் தங்கத் தேரை படமும், கெட்ஸால் பறவை படமும் வந்தன. கெட்ஸால் என்றால், மரகதப் பச்சை முதுகு, சிவப்பு வயிறு, இரண்டடிக்கு நீளும் வால் இறகு. அதைப் பார்க்கவென்றே வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பி வந்தார்கள். 1970-களின் நடுவில் வருஷத்துக்குச் சில நூறு பேர். 1990-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 50,000 பேர். வழி முழுக்கக் குண்டும் குழியுமான மண் ரோடு. ரோடு நன்றாக இருந்தால் கூட்டம் தாங்காது, இப்படியே இருக்கட்டும் என்று ஊர்க்காரர்களில் பலர் சொன்னதுதான் வேடிக்கை. தார் பார்க்க அந்த ரோடு ரொம்ப வருஷம் காத்திருந்தது. விஞ்ஞானிகள் மர உச்சிக்குப் போகக் கண்டுபிடித்த கயிற்று வித்தை, 1990-களில் 'ஸிப் லைன்' என்ற பெயரில் டூரிஸ்ட்டுகளுக்கு விற்கும் பண்டமானது. இன்று உலகம் பூராவும் கம்பியில் தொங்கிக்கொண்டு கத்துகிறார்களே, அந்த வியாபாரத்தின் தொட்டில்களில் ஒன்று இந்த ஊர்.

1987-ல் ஸ்வீடனில் ஒரு கிராமப் பள்ளியில் டீச்சர் மழைக்காடு அழிவதைப் பற்றிப் பாடம் எடுத்தார். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், நாம் அதை விலைக்கு வாங்க முடியாதா என்று கேட்டான். கேக் விற்றும் நாடகம் போட்டும் பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். விஷயம் பரவி 44 நாட்டுக் குழந்தைகள் கை கொடுத்தார்கள். ரிசர்வை ஒட்டி இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல் நிற்கிறது, 'குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு'. கோஸ்டாரிகாவின் மிகப் பெரிய தனியார் காடு அதுதான்.

நாடும் கணக்கை மாற்றி எழுதியது. 1990-களில் டூரிஸம், வாழையையும் காப்பியையும் தாண்டி அந்நியச் செலாவணியில் முதலிடத்துக்கு வந்தது. 1996-ல் ஒரு வனச் சட்டம். காட்டை வெட்டி வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது. அதே சமயம், காட்டை வைத்திருக்கும் விவசாயிக்குப் பணம். எங்கிருந்து? பெட்ரோல் டீசல் வரியிலிருந்து. கார் ஓட்டுகிறவன் மரம் வைத்திருக்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்கிறான். இன்று நாட்டின் பாதிக்கு மேல் மறுபடி காடு. இந்தப் புகழ் முழுவதையும் சட்டத்துக்கே கொடுத்துவிடக் கூடாது. 1980-களில் மாட்டிறைச்சி விலை விழுந்ததும் பல பண்ணைகளைக் கைவிட்டார்கள், காடு தானாகவே திரும்ப ஆரம்பித்தது. ஆனால் திரும்பி வந்ததை மறுபடி வெட்டாமல் விட்டார்களே, அதற்குச் சட்டத்துக்கு ஒரு சபாஷ் போடலாம். கொரோனாவுக்கு முந்தைய 2019-ல் 50 லட்சம் ஜனத்தொகை உள்ள அந்த நாட்டுக்கு 30 லட்சத்துக்கும் மேல் டூரிஸ்ட்டுகள் போனார்கள்.

எல்லாம் சுபம். இங்கேயே முடித்திருக்கலாம், தேரை மட்டும் ஒத்துழைத்திருந்தால்.

1987 ஏப்ரலில் மார்த்தா க்ரம்ப் என்கிற ஆய்வாளர் அந்த முகட்டில் உட்கார்ந்து எண்ணினார். 1,500-க்கும் மேற்பட்ட தங்கத் தேரைகள். ஆனால் அந்த வருஷம் எல் நினோ. மழை பின்வாங்கியது. குட்டைகள் காய்ந்தன. அவர் கணக்கில் 43,500 முட்டைகள். ஒரு வாரம் தாண்டி உயிரோடிருந்த தலைப்பிரட்டைகள் 29. அடுத்த வருஷம் பார்த்தது பத்தே தேரைகள். 1989, மே 15. ஒரே ஓர் ஆண், குட்டையோரம் தனியாக. அதற்குப் பிறகு இன்று வரை யாரும் பார்க்கவில்லை. 2004-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், அழிந்துபோன இனம் என்று எழுதிவிட்டது.

தேரை தனியாகப் போகவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தின் 30 சதுர கிலோமீட்டரில் இருந்த 50 தவளை, தேரை வகைகளில் 20 அதே சமயத்தில் காணாமல் போயின. ஒரு மரம் வெட்டவில்லை. ஒருத்தரும் வேட்டையாடவில்லை. வேலி, காவல், நிதி, டிக்கெட் கவுன்ட்டர் எல்லாம் சரியாக இருந்த காடு.

யார் கொன்றது? இது விஞ்ஞானிகளுக்கு நடுவே ஒரு நீண்ட வழக்கு. ஆலன் பவுண்ட்ஸ் என்பவர் மான்டெவெர்டேயிலேயே தங்கி, மேகம் தரையைத் தொடாத நாள்களை வருஷக்கணக்காக எண்ணினார். அது கூடிக்கொண்டே போனது. உலகம் சூடாவதால் மேகம் மேலே போகிறது, கீழே காடு காய்கிறது என்று 1999-ல் எழுதினார். இன்னொரு கோஷ்டி, மரங்களுக்குள்ளிருந்த நூறு வருஷத்து ஈரக் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த வறட்சி எல் நினோவின் வேலைதான் என்று 2010-ல் மறுத்தது. அடுத்த வருஷம் வேறு சிலர் மியூசியம் பாட்டில்களில் கிடந்த பழைய தவளைகளின் தோலைத் துடைத்து, மரபணுப் பரிசோதனை செய்தார்கள். கைட்ரிட் என்கிற ஒரு பூஞ்சை. தவளையின் தோலில் தொற்றி அதன் மூச்சையும் உப்பையும் கெடுக்கும் கிருமி. மான்டெவெர்டேக்கு அது வந்து சேர்ந்ததும் தவளைகள் மறைந்ததும் ஒரே சமயம். முதல் குற்றவாளி இந்தப் பூஞ்சைதான் என்பதில் இப்போது பெரும்பாலும் சந்தேகமில்லை. வறட்சியும் சூடும் அதற்கு எவ்வளவு உதவின என்பதில்தான் இன்னமும் வாதம்.

கெட்ஸால் வேறொரு பாடம் எடுத்தது. ரிசர்வின் விளம்பர நாயகனே அதுதான் அல்லவா? ஜார்ஜ் பவல் அதன்மேல் சின்ன ரேடியோவை மாட்டிப் பின்தொடர்ந்தபோது தெரிந்தது, வருஷத்தில் சில மாதங்கள்தான் அது மேலே இருக்கிறது. கூடு கட்டி, குஞ்சு பொரித்து முடித்ததும், காட்டு அவகாடோ பழத்தைத் தேடி மலையின் இரண்டு பக்கமும் கீழே இறங்கிவிடுகிறது. கீழே இருப்பதோ துண்டு துண்டான தனியார் காடு. வேலிக்கு வெளியே. ஆகவே இன்று அந்த ஊரில் நடக்கும் முக்கியமான வேலை, மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே வரிசை வரிசையாக மரம் நட்டு, மேலே உள்ள காட்டைக் கீழே பசிபிக் கரை வரை ஒட்டவைப்பது. விவசாயிக்கு அதனால் ஒரு லாபமும் உண்டு. மரங்கள் காற்றைத் தடுக்கும், காற்று குறைந்தால் மாடு கூடுதலாகப் பால் கொடுக்கும். க்வேக்கர் கணக்கு மாதிரியேதான் இதுவும்.

போகிறவர்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை போவது நல்லது. கெட்ஸால் கூடு கட்டும் காலம். பட்டுப்போன மரத்தில் பொந்து, உள்ளே நீல முட்டை. பக்கத்திலேயே வானவில் நிறத்தில் பெரிய அலகோடு ஒரு டூக்கன் பறவை தெரிந்தால், ரொம்ப அழகு என்று கேமராவைத் தூக்குவீர்கள். தூக்குங்கள். ஒரு காலத்தில் அது மலையின் கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்த பறவை. மேலே சூடு ஏற ஏற, அதுவும் ஏறி வந்து, இப்போது கெட்ஸாலுக்குப் பக்கத்திலேயே கூடு கட்டுகிறது. டூக்கனுக்குப் பழம் தவிர வேறு ஒன்றும் பிடிக்கும். அடுத்த பறவையின் முட்டை.